ஒரு வீராங்கனையின் முழங்காலும் எங்கள் மைதானமும்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பேச ஒரு வைத்தியரைக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ கொலஸ்திரோலைப் பற்றியோதான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் அந்தக் கொடுமையைச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே இன்று ஒரு விளையாட்டு வீராங்கனையைப் பற்றிப் பேசப்போகிறோம். அவர் இந்தக் கல்லூரியில் படித்தவர் அல்லர், தமிழரும் அல்லர். அவுஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் அல்பரி என்ற ஊரில், 1981 மே 11 அன்று பிறந்த லோரன் ஜக்சன்தான் அவர். கூடைப்பந்தாட்டம் அவருடைய தொழில். மெல்பேர்னிலும் சிட்னியிலும் வாழும் எங்கள் வகுப்புத் தோழிகள் பலருக்கு அவருடைய பெயர் நன்றாகத் தெரியும். எங்கள் வகுப்பில் அநேகமானோர் அவரோடு ஒத்த வயதினர். அவருடைய கதையில் எங்களுக்கு ஈடுபாடு வந்ததற்கு அது ஒரு காரணம். மற்றக் காரணம் எங்கள் தொழில். ஒரு பெண்ணின் உடலை வைத்து ஒரு விளையாட்டுத் துறை எப்படி உழைத்தது, அந்த உடல் எங்கே உடைந்தது, பிறகு எப்படி எழுந்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வாழ்க்கை வேறு அதிகம் இல்லை.

அவரிடம் போவதற்கு முன் எங்கள் மைதானத்தில் ஒரு நிமிடம் நிற்போம். இங்கே இருப்பவர்களில் வலைப்பந்து விளையாடாதவர்கள் குறைவு. குறைந்தபட்சம் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஆள் போதாமல் இழுத்துவரப்பட்டு விளையாடியிருப்பீர்கள். அந்தத் திடலை மூன்றாகப் பிரித்து இரண்டு குறுக்குக் கோடுகள் போட்டிருப்பார்கள். உங்களுக்குரிய பகுதியைத் தாண்டிக் கால் வைத்தால் விசில். பந்தை மூன்று வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தாலும் விசில். அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

1891 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே பக்கத்து ஊரான நோர்தாம்ப்டனிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவியருக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத்தில் பெண்பிள்ளை ஓடினால் நரம்புத் தளர்ச்சி வரும், கருப்பை பாதிக்கும் என்று வைத்தியர்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தொழிலின் முன்னோர்கள்தான், மறைக்க முடியாது. ஆகவே பெரன்சன் திடலை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒருத்தி தன் பகுதியை விட்டு ஓடக்கூடாது. மற்றவளின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது. மூன்று வினாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக்கூடாது. 1893 மார்ச்சில் அங்கே முதலாவது போட்டி நடந்தபோது பார்வையாளராகக்கூட ஆண்களை உள்ளே விடவில்லை. பெரன்சன் பெண்களை அடக்கி வைக்க அப்படிச் செய்யவில்லை. விதிகளை மென்மையாக்காவிட்டால் விளையாட்டையே நிறுத்திவிடுவார்கள் என்பதை அறிந்து செய்தார். அந்த விளையாட்டு 1890களில் இங்கிலாந்துக்குப் போய், வலைப்பந்தாகி, பிரித்தானியர் ஆண்ட நாடுகளின் பெண்கள் பாடசாலைகளுக்கெல்லாம் வந்தது. எங்கள் கல்லூரித் திடலின் கோடுகள் ஒரு பழைய மருத்துவப் பயத்தின் சுவடுகள்.

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆண்களைப் போல முழுத் திடலிலும் ஓடி விளையாடும் விதி 1971 இல்தான் வந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்தாட்டம் 1976 இல் மொன்றியலில் சேர்க்கப்பட்டது. அமெரிக்கப் பெண்களுக்கான தொழில்முறைச் சங்கமான டபிள்யூ.என்.பி.ஏ. 1997 இல் முதற் பருவத்தை ஆடியது. லோரன் ஜக்சன் பதினாறு வயதில் இருந்த காலம் அது. கோடுகளெல்லாம் அழிந்தபின் வந்த முதல் தலைமுறை அவருடையது.

அவருடைய தாய், தந்தை இருவருமே அவுஸ்திரேலியத் தேசிய அணிகளுக்காகக் கூடைப்பந்து விளையாடியவர்கள். தாய் மரீ ஜக்சன் அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் 15 ஆம் இலக்கச் சட்டையோடு ஆடினார். மகளும் அதே 15 ஐ அணிந்தார். பதின்ம வயதில் அவர் வீட்டைவிட்டு கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவகத்துக்குப் புலமைப்பரிசிலில் போனார். அந்த நிறுவகத்தின் இளம்பெண்கள் அணி 1998–99 பருவத்தில் வளர்ந்த பெண்களின் கழகங்களையெல்லாம் தோற்கடித்துத் தேசியக் கிண்ணத்தை எடுத்தது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் எங்கள் வகுப்பு எங்கே இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1995 இன் இடப்பெயர்வுக்குப் பின்னர் எங்கள் தோழியர் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பாடசாலைகளில், மரத்தடிகளில் படித்தார்கள். பந்து என்ற ஒன்றைத் தொடாமலே பாடசாலைக் காலத்தை முடித்தவர்கள் எங்களுக்குள் உண்டு. ஒப்பிட்டு அழுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் திறமை முளைக்க நிலம் வேண்டும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், பத்தொன்பது வயதில், ஆறடி ஐந்து அங்குல உயரத்தோடு ஜக்சன் களமிறங்கினார். இறுதிப் போட்டியில் அமெரிக்காவிடம் தோல்வி, வெள்ளிப் பதக்கம். அந்தப் போட்டியில் அமெரிக்க நட்சத்திரம் லீசா லெஸ்லியின் ஒட்டுமுடி இவருடைய கையோடு வந்துவிட்ட காட்சியை உலகமே பார்த்தது. 2004 எதென்ஸ், 2008 பீஜிங் என அடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் இறுதிப் போட்டியில் அதே அமெரிக்கா, அதே வெள்ளி. 2006 இல் பிரேசிலில் நடந்த உலகப் போட்டியில் மட்டும் தங்கம் கிடைத்தது. 2012 இல் லண்டனில் அவுஸ்திரேலியக் கொடியைத் தாங்கி அணிவகுப்பில் முன்னால் நடந்தார். அங்கே வெண்கலம்.

தொழில்முறை ஆட்டத்தில் 2001 இல் அமெரிக்கக் கழகங்கள் புதிய வீராங்கனைகளைத் தெரிந்தெடுத்தபோது முதலாவது பெயராக அவரை சியாற்றில் ஸ்ரோம் அணி எடுத்தது. 2003, 2007, 2010 ஆகிய மூன்று ஆண்டுகளில் டபிள்யூ.என்.பி.ஏ.யின் மிகப் பெறுமதிவாய்ந்த வீராங்கனை விருது அவருக்குக் கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்து அந்த விருதைப் பெற்ற முதற்பெண் அவர். 2004 இலும் 2010 இலும் அவருடைய அணி சம்பியனானது.

இதுவரை சொன்னவை விருதுப் பட்டியல். வைத்தியருக்குத் தேவையானது மற்றப் பட்டியல்.

டபிள்யூ.என்.பி.ஏ. பருவம் கோடைகாலத்தின் சில மாதங்கள் மட்டுமே. அமெரிக்காவில் கோடை முடிய அவுஸ்திரேலியாவில் கன்பரா அணிக்காக அடுத்த பருவம் தொடங்கும். பின்னர் தென்கொரியா, ரஷ்யா, ஸ்பெயின், சீனா என்று கழகங்கள் மாறின. இடையில் தேசிய அணியின் போட்டிகள். உடம்பு ஆறுவதற்கென்று ஒரு பருவம் அந்த நாட்காட்டியில் கிடையாது.

ஏன் இப்படி ஓடினார்கள்? பேராசையா? கணக்கைப் பாருங்கள். 2019 இல் டபிள்யூ.என்.பி.ஏ.யில் உச்சச் சம்பளமே ஆண்டுக்கு ஏறத்தாழ 117,500 டொலர். அதே நாட்டில் ஆண் வீரர்கள் மில்லியன் கணக்கில் வாங்கினார்கள். ரஷ்யக் கழகங்கள் பெண்களுக்கு அமெரிக்காவைவிடப் பல மடங்கு கொடுத்தன. 2015 இல் டயானா டோரசி என்ற முன்னணி அமெரிக்க வீராங்கனைக்கு அவருடைய ரஷ்யக் கழகம், கோடையில் சொந்த நாட்டில் ஆடாமல் ஓய்வெடுப்பதற்கே பணம் கொடுத்தது. சொந்த நாட்டில் ஆடுவதற்கான சம்பளத்தைவிட வெளிநாட்டுக்காரன் ஓய்வுக்குக் கொடுத்த காசு கூட! ஊதியக் குறைவு எப்படி எலும்பில் போய் முடிகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஜக்சனின் உடல் என்ன சொன்னது? 2008 இல் கணுக்காலில் சத்திரசிகிச்சை. 2009 இல் கீழ்முதுகின் எலும்புகளில் அழுத்த முறிவு. ஒரே பாரம் இடைவிடாமல் விழும்போது எலும்பில் மயிரளவாக ஏற்படும் வெடிப்பு அது. விழுந்து உடைவதல்ல, தேய்ந்து வெடிப்பது. 2011 இல் இடுப்பு மூட்டில் சத்திரசிகிச்சை. 2014 இல் சீனாவில் ஆடிக்கொண்டிருந்தபோது முழங்காலுக்குள் குறுக்காக ஓடி எலும்புகளைப் பிடித்துவைக்கும் நார் அறுந்தது. ஏ.சி.எல். என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல சத்திரசிகிச்சைகள் செய்தும் அந்த முழங்கால் சரிவரவில்லை. றியோ ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருக்க, 2016 மார்ச் 31 அன்று, முப்பத்து நான்கு வயதில், கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார்.

அந்த ஆண்டுகளில் வெளியே தெரியாத இன்னொன்றும் நடந்தது. வலிநிவாரணிகளுக்கும் நித்திரைக் குளிசைகளுக்கும் தாம் அடிமையாகியிருந்ததைப் பின்னர் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே வெளிப்படையாக எழுதினார். போட்டி முடிந்து நள்ளிரவில் விமானம், மறுநாள் வேறொரு நேர வலயம், அதற்கடுத்த நாள் வலியோடு மீண்டும் திடல். ஒரு குளிசை நித்திரைக்கு, ஒரு குளிசை வலிக்கு என்று தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதை வைத்தியசாலைகளில் நாங்கள் நாளாந்தம் பார்க்கிறோம். அதற்குத் தொழில்முறை வீராங்கனையாக இருக்க வேண்டியதில்லை. வீட்டையும் வேலையையும் ஒருசேரச் சுமக்கும் எங்கள் வயதுப் பெண்கள் எத்தனை பேருடைய கைப்பைக்குள் அந்த இரண்டு குளிசைகளும் இருக்கின்றன! ஜக்சன் அதைச் சொன்னது அவருடைய பதக்கங்களுக்குச் சமமான துணிவு என்று நாங்கள் கருதுகிறோம்.

ஓய்வுக்குப் பிறகு இரண்டு ஆண் குழந்தைகளுக்குத் தாயானார். அவுஸ்திரேலியக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தில் பெண்களின் ஆட்டத்தை வளர்க்கும் பதவியில் இருந்தார். 2021 இல் அமெரிக்காவிலுள்ள நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டக் கீர்த்தி மண்டபத்தில் இடம்பெற்ற முதலாவது அவுஸ்திரேலிய ஆட்டக்காரரானார். அந்த மண்டபத்தில் செண்டா பெரன்சனின் பெயர் 1985 இலேயே இருக்கிறது. கோடு போட்டவரும் கோட்டைக் கடந்தவரும் ஒரே கூரையின் கீழ்.

கதை அங்கே முடிந்திருந்தால் அழகான முடிவுதான். ஆனால் 2022 இல், நாற்பதைத் தாண்டிய வயதில், பிறந்த ஊரான அல்பரியின் உள்ளூர் அணிக்காக அவர் மீண்டும் விளையாடத் தொடங்கினார். மெல்ல மெல்லத் தசைகளைப் பலப்படுத்தினார். வைத்தியக் கண்காணிப்பில், வலிக்கான மருத்துவக் கஞ்சா பற்றிய ஆய்வொன்றில் பங்குபற்றி, விளையாட்டு அதிகாரிகளின் முறையான அனுமதியோடு அந்தச் சிகிச்சையைப் பெற்றார். உடனே அது நல்ல மருந்தாம் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அப்படிப் பரிந்துரைக்க நாங்கள் வரவில்லை. அவர் மறைவாக எதையும் விழுங்காமல், கேட்டு, அனுமதி பெற்று, கண்காணிப்பில் எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஆண்டு உலகக் கிண்ணம் சிட்னியில் நடந்தது. 2000 இல் அதே நகரில் அவரோடு தோளுரசி ஆடிய சாண்டி பிரொண்டெல்லோ அப்போது பயிற்றுநராக இருந்தார். தொடரின் கடைசி நாள், கனடாவுக்கு எதிரான வெண்கலப் பதக்கப் போட்டியில், மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த ஜக்சன் 30 புள்ளிகள் எடுத்தார். அவுஸ்திரேலியா 95–65 என்று வென்றது. அப்போது அவருக்கு 41 வயது. 2024 இல் மெல்பேர்னின் சௌத்சைட் ஃப்ளையர்ஸ் அணியோடு தேசியக் கிண்ணம். அதே ஆண்டு ஓகஸ்டில் பரிஸ் ஒலிம்பிக்கில், 43 வயதில், பெல்ஜியத்தை 85–81 என்று வென்ற அணியில் ஒருவராக வெண்கலம் பெற்றார். முதல் ஒலிம்பிக் பதக்கத்துக்கும் கடைசிப் பதக்கத்துக்கும் இடையில் இருபத்து நான்கு ஆண்டுகள். ஐந்து ஒலிம்பிக், ஐந்து பதக்கம். ஒன்றுகூடத் தங்கமில்லை. அவரைத் தோற்றவர் என்று யாராவது சொல்வார்களா?

அவர் இல்லாத ஆண்டுகளில் அமெரிக்காவில் வேறொரு மாற்றமும் நடந்தது. ஸ்கைலர் டிகின்ஸ்-ஸ்மித் என்ற வீராங்கனை, 2018 பருவம் முழுவதையும் கருவுற்ற நிலையில் யாருக்கும் சொல்லாமல் ஆடினேன் என்று 2019 இல் வெளியிட்டார். அணியிலும் அலுவலகத்திலும் கர்ப்பத்தை மறைக்க வேண்டியிருந்த பெண்களின் குரலாக அது ஒலித்தது. 2020 இல் வீராங்கனைகளின் சங்கம் செய்துகொண்ட புதிய உடன்படிக்கையில் மகப்பேற்று விடுமுறைக்கு முழுச் சம்பளம், பிள்ளைப் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 5,000 டொலர், பிள்ளையோடு வருபவருக்கு இரண்டு அறை கொண்ட வீடு என்பன சேர்ந்தன. உச்சச் சம்பளமும் 215,000 டொலராக உயர்ந்தது. யாரும் பார்த்து இரங்கிக் கொடுக்கவில்லை. சங்கமாகக் கூடி, மேசையில் இருந்து பேசி வாங்கினார்கள். பழைய மாணவியர் சங்கம் என்ற பெயரில் கூடியிருக்கும் எங்களுக்கு அந்தச் சொல்லின் பலம் விளங்காததல்ல.

இனி எங்கள் பிள்ளைகளிடம் வருவோம்.

பெண் உடல் விளையாட்டுக்கு ஆகாது என்று அன்று சொன்னார்கள். அது பொய் என்று ஜக்சனைப் போன்றவர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் அந்தப் பொய்யை எதிர்த்த வேகத்தில், வலியைச் சொல்வதே பலவீனம் என்ற இன்னொரு பழக்கம் வந்துவிட்டது. கோடுகளை அழித்தோம், உடலைப் பார்த்துக்கொள்ள ஆளை வைக்கவில்லை. இன்று இந்த மேடையில் எங்களுக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான்.

முழங்கால் நார் அறுவது, பாய்ந்து தரையிறங்கித் திடீரெனத் திரும்பும் விளையாட்டுகளில், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் அதிகம். கூடைப்பந்து, வலைப்பந்து இரண்டும் அந்த வகையே. பருவமடைந்தபின் உயரமும் எடையும் கூடும் வேகத்துக்குத் தொடை, இடுப்புத் தசைகளின் பலம் கூடாவிட்டால், பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உட்பக்கமாகச் சரிகிறது. பயிற்சிக்கு முன் பதினைந்து இருபது நிமிடம் செய்யும் உடற்பயிற்சித் தொகுப்புகள் உண்டு. முழங்காலை மடித்து மெதுவாக இறங்கப் பழகுவது, ஒற்றைக்காலில் நிலைநிற்பது, தொடையின் பின்தசையைப் பலப்படுத்துவது போன்றவை அவற்றில் அடங்கும். ஒழுங்காகச் செய்தால் இந்தக் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கலாம். இதற்கு இயந்திரம் வேண்டாம், காசு வேண்டாம். சொல்லிக்கொடுக்க ஒருவரும், தவறாமல் செய்விக்கும் கண்டிப்பும் போதும். நார் அறுந்து சத்திரசிகிச்சை செய்த பிள்ளையை ஒன்பது மாதத்துக்கு முன் திடலில் இறக்கக்கூடாது. மாகாணப் போட்டி இருந்தாலும் இறக்கக்கூடாது.

இரண்டாவது, சாப்பாடு. காலையில் ஒரு தேத்தண்ணியோடு வந்து, பாடசாலை முடியப் பயிற்சிக்கு நின்று, அங்கிருந்து ரியூசனுக்கு ஓடும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். உழைக்கும் அளவுக்குச் சாப்பிடாத பெண்பிள்ளையின் உடல் முதலில் மாதவிடாயை நிறுத்தும். பிறகு எலும்பைக் கரைக்கும். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், தொல்லை இல்லையென்று சந்தோசப்படாமல் வைத்தியரிடம் வரவேண்டும். பெண்ணின் எலும்புத் திணிவில் மிகப் பெரிய பங்கு பதினெட்டு, இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அறுபது வயதில் விழுந்து இடுப்பு உடைவதா இல்லையா என்பதன் பாதித் தீர்ப்பு பாடசாலைக் காலத்தில் எழுதப்படுகிறது. இளைப்பும் களைப்பும் இருந்தால் இரும்புச்சத்தைப் பார்க்கவேண்டும். சோம்பேறி என்று பெயர் வைக்கமுன் குருதியைச் சோதியுங்கள்.

மூன்றாவது, சாதாரண தரம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு வந்ததும் எங்கள் பிள்ளைகள் திடலைவிட்டு மறைகிறார்கள். பரீட்சைக்குப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். பிறகு உயர்தரம், பல்கலைக்கழகம், கலியாணம், பிள்ளைகள். நாற்பது வயதில் நடக்கச் சொல்லி வைத்தியர் எழுதிக் கொடுக்கும்போதுதான் மீண்டும் சப்பாத்து வாங்குகிறோம். இங்கே சிரிப்பவர்கள் யார் யாரென்று எங்களுக்குத் தெரிகிறது. எல்லோரும் ஜக்சனாக வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒரு மணித்தியாலம் விளையாடியதால் எந்தப் பிள்ளையும் பரீட்சையில் தோற்றதை நாங்கள் காணவில்லை.

எங்களிடம் திறமை இல்லையென்று யாரும் சொல்லமுடியாது. யாழ்ப்பாணம் ஏவினை மண்ணில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2009 இலும் 2018 இலும் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த அணிகளில் இருந்தார். 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டு, உலகத்தின் எல்லா அணிகளிலும் அதிக கோல் போட்டவரானார். உயரமாக வளரும் பெண்பிள்ளையைப் பார்த்து இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது என்று கவலைப்படும் ஊரிலிருந்து, அந்த உயரத்தையே நாட்டின் பெருமையாக்கியவர் அவர்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவு, நினைவுத் தூண், மண்டபத் திருத்தம் எல்லாம் வரட்டும். அவற்றோடு வெடித்துக் கிடக்கும் விளையாட்டுத் திடலின் சீமெந்துத் தரையைத் திருத்துவதையும் சேருங்கள். வெடிப்பு விழுந்த தரை மூட்டுகளுக்குப் பகை. ஆண்டுக்கொரு முறை உடற்கல்வி ஆசிரியைகளுக்கும் அணித் தலைவிகளுக்கும் பயிற்சி கொடுக்க ஓர் இயன்மருத்துவரை அழைப்போம். எங்களுக்குள் இயன்மருத்துவர்கள் இருக்கிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்கள் விடுமுறைக்கு வரும்போது ஒரு காலைப்பொழுதைத் தந்தால் போதும். பயிற்சி நாட்களில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அவித்த முட்டையும் ஒரு கைப்பிடி கடலையும் கிடைக்க ஒழுங்கு செய்வோம். இது பெரிய செலவல்ல. ஒவ்வொரு வகுப்புப் பிரிவும் ஒரு தவணையைப் பொறுப்பெடுத்தால் ஆண்டுகள் ஓடிவிடும். முதற்தவணையை எங்கள் வகுப்பு எடுக்கிறது. அதை இந்த மேடையிலேயே சொல்லிவிடும்படி தோழிகள் அனுப்பியிருக்கிறார்கள்.

பின்வரிசைப் பிள்ளைகளே, கடைசியாக உங்களுக்கு. விளையாடுங்கள். பரீட்சை வந்தாலும் விளையாடுங்கள். நொந்தால் சொல்லுங்கள், அன்றே ரீச்சரிடம் சொல்லுங்கள், அம்மாவிடம் சொல்லுங்கள். ரீச்சர்மாரே, அம்மாமாரே, அவர்கள் சொன்னால் நம்புங்கள்.